சுருதி இறங்கிய ஊர்: பர்மிங்காமில் ஐந்து நாட்கள்

முதல் நாள், செப்டம்பர் 17, 2025, புதன்

ரயிலை விட்டு இறங்கி நகரும் படிக்கட்டில் மேலே வந்ததும் காளைதான் கண்ணில் பட்டது. பர்மிங்காம் நியூ ஸ்ட்ரீட் நிலையத்தின் கூடத்தில் பத்து மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. உடம்பு முழுக்க இயந்திரப் பாகங்களைக் கோத்து வைத்தது போன்ற தோற்றம். அவ்வப்போது தலையைத் திருப்புகிறது. 2022 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளின் தொடக்க விழாவுக்காகச் செய்தது. இந்த வட்டாரத்தில் ஒரு காலத்தில் அற்பக் கூலிக்கு இரும்புச் சங்கிலி அடித்த பெண்களின் வேடத்தில் வந்தவர்கள்தான் விழாவில் அதை இழுத்து வந்தார்கள். 2023இல் அதை இங்கே கொண்டுவந்து நிறுத்தி, பெயர் வைக்கச் சொல்லி மக்களிடம் வாக்குக் கேட்டார்கள். மக்கள் வைத்த பெயர் ஆஸி.

பெட்டியைக் காலருகே வைத்துக்கொண்டு அரை மணி நேரம் அங்கேயே நின்றேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள், அலுவலகம் விட்டுப் போகிறவர்கள், யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அதன் காலடியில் நடந்து போனார்கள். ஒரு ஊரின் முக்கிய ரயில் நிலையத்தில் நிற்கும் காளைக்கு ஒரு ராக் பாடகரின் பெயர் இருக்கிறது, அது அங்கே சாதாரண விஷயமாகிவிட்டது என்பதே எனக்கு நிறைவாக இருந்தது.

நான் ஏன் இங்கே வந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1988இல் எனக்குப் பதினான்கு வயது. அண்ணன் யாரிடமோ கேட்டுப் பதிந்து வந்த கேசட் ஒன்று வீட்டில் இருந்தது. அட்டை கிடையாது. லேபிளில் பேனாவால் 'பி.எஸ்.' என்று மட்டும் எழுதியிருந்தார். அவர் இல்லாத மத்தியானங்களில் அதைப் போட்டுக் கேட்பேன். யார் பாடுகிறார்கள், எந்த நாடு, எதுவும் தெரியாது. அந்த கிட்டார் சத்தம் மட்டும் தரையில் ஏதோ கனமான பொருளை இழுத்துப் போவது போல வயிற்றில் வந்து இறங்கும். பயமாக இருக்கும், ஆனால் நிறுத்த மனம் வராது.

எங்கள் டேப் ரெக்கார்டரின் பெல்ட் தளர்ந்திருந்தது என்பது பல வருடங்கள் கழித்துத்தான் புரிந்தது. மோட்டாரின் வேகம் நாடாவுக்கு முழுசாகப் போய்ச் சேராததால் பாட்டு கொஞ்சம் மெதுவாகவும், கிட்டத்தட்ட அரைச்சுரம் கீழேயும் ஓடியிருக்கிறது. முதன்முறை குறுந்தகட்டில் கேட்டபோது, 'இதென்ன இவ்வளவு அவசரமாக வாசிக்கிறார்கள்' என்று திகைத்துப் போனேன். பாடியது இந்த ஊர் ராக் குழுவான பிளாக் சபாத். முப்பத்தேழு வருடமாக அவர்களைக் கேட்கிறேன். இன்றும் என் மனதுக்குள் ஓடுவது அந்த மெதுவான, கீழே இறங்கிய சபாத்தான்.

ஜூலை 5ஆம் தேதி இங்கே ஆஸ்டனில் நடந்த அவர்களின் கடைசிக் கச்சேரிக்கு வர முடியவில்லை. நேரலையில்தான் பார்த்தேன். ஜூலை 22ஆம் தேதி குழுவின் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் இறந்துவிட்டார். கச்சேரி முடிந்து பதினேழே நாள். அன்று இரவே இந்தப் பயணத்துக்குப் பணம் எடுத்து வைத்துவிட்டேன்.

நிலையத்தை விட்டு வெளியே வந்தால் பக்கத்திலேயே நேவிகேஷன் ஸ்ட்ரீட்டில் குழுவின் நால்வரின் முகங்களும் சுவரோவியமாக இருக்கின்றன. மழை தூறிக்கொண்டிருந்தது. நாளை சாவகாசமாகப் பார்க்கலாம் என்று அறைக்கு வந்துவிட்டேன்.

இரண்டாம் நாள், செப்டம்பர் 18, வியாழன்

தேதியைப் பார்த்துத்தான் இன்றைக்கு பிராட் ஸ்ட்ரீட்டை வைத்துக்கொண்டேன். 1970 செப்டம்பர் 18 அன்று அவர்களின் இரண்டாவது ஆல்பமான 'பேரனாய்ட்' வெளிவந்தது. சரியாக 55 வருடம்.

பிராட் ஸ்ட்ரீட்டில் கால்வாயின் மேல் போகும் பாலத்துக்கு இப்போது பிளாக் சபாத் பாலம் என்று பெயர். 2019 ஜூனில் பெயர் சூட்டினார்கள். பாலத்தின் மேல் ஓர் உலோக பெஞ்ச், அதன் முதுகில் நால்வரின் முகங்கள்: கிட்டார் டோனி ஐயோமி, பேஸ் கிட்டார் கீசர் பட்லர், பாடகர் ஆஸி, டிரம்ஸ் பில் வார்ட். பாலத்துக்கு அந்தப் பக்கம் டிராம் வண்டி மணியடித்துக்கொண்டு போகிறது, கீழே கால்வாயில் குறுகலான நீளப் படகுகள். ஜூலை 30 அன்று ஆஸியின் இறுதி ஊர்வலம் இங்கேதான் வந்து நின்றது. ஊர்வலத்துக்கு முன்னால் இந்த ஊர் பித்தளை வாத்தியக் குழு ஒன்று சபாத் பாடல்களை வாசித்துக்கொண்டு போயிற்று. அதைத் திரையில் பார்த்தபோது அழாதவள், இன்று வெறும் பெஞ்சைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வயதான அம்மா, "ஒண்ணும் இல்லை, பாப்" என்று என் முழங்கையைத் தட்டிக்கொடுத்தார். 'பாப்' என்பது இந்த ஊரில் வாஞ்சையாக அழைக்கும் சொல்லாம். காலையில் பேருந்து ஓட்டுநரும் என்னை அப்படித்தான் கூப்பிட்டார்.

ஒரு மணி நேரம் அங்கே உட்கார்ந்து காதில் கருவியை மாட்டிக்கொண்டு முதல் ஆல்பத்தை முழுவதும் கேட்டேன். 1969 அக்டோபர் 16 அன்று லண்டனில் ஒரே நாளில் பதிந்து முடித்த ஆல்பம் அது. மேடையில் வாசிப்பதை அப்படியே வாசித்துவிட்டு மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். தொடக்கத்தில் வரும் மழைச் சத்தமும் கோயில் மணியும் இடியும் பிறகு சேர்த்தவை. 1970 பிப்ரவரி 13, ஒரு வெள்ளிக்கிழமை, கடைக்கு வந்தது.

குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட முதல் பாட்டின் கிட்டார் வரி மூன்றே சுரம். ஆதார சுரம், அதன் மேல் ஸ்தாயி, அப்புறம் இறங்கி நடுவில் ஒரு சுரம். அந்த இடைவெளியை மேற்கத்திய இசையில் சாத்தானோடு சேர்த்துப் பேசுவார்கள். கீசர் பட்லர் அப்போது ஹோல்ஸ்ட் என்ற இங்கிலாந்து இசையமைப்பாளரின் 'மார்ஸ்' என்ற ஆர்கெஸ்ட்ரா இசையை பேஸ் கிட்டாரில் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிலிருந்துதான் ஐயோமிக்கு இது பிறந்தது. பாட்டு கற்ற நம் காதில் இதைப் போட்டால் வேறு மாதிரி விழும். ஷட்ஜத்திலிருந்து பிரதி மத்திமம், அவ்வளவுதான். கல்யாணி ராகத்தை மங்களகரமாக ஆக்கும் அதே மத்திமம். அங்கே சுற்றிலும் துணைக்கு காந்தாரமும் பஞ்சமமும் இருக்கின்றன. ஐயோமி அந்தத் துணையை எல்லாம் எடுத்துவிட்டு அதைத் தனியாக, விரலை அசைத்து நடுங்க வைத்து, நீட்டி நிறுத்துகிறார். பஞ்சமம் வரும் வரும் என்று காது காத்துக்கொண்டே இருக்கிறது. வரவே வராது. பதினான்கு வயதில் எனக்கு வந்த பயம் அந்தக் காத்திருப்புதான் என்று இப்போது நினைக்கிறேன்.

அந்தப் பாட்டுக்குப் பிறகு அவர்களைச் சாத்தான் வழிபாட்டுக்காரர்கள் என்று முத்திரை குத்தினார்கள். எனக்கு அது எப்போதுமே வருத்தம். பெயர், இவர்கள் ஒத்திகை பார்த்த இடத்துக்கு எதிரே இருந்த திரையரங்கில் ஓடிய பேய்ப் படத்தின் தலைப்பிலிருந்து எடுத்தது. மக்கள் காசு கொடுத்துப் பயப்பட வருகிறார்களே என்று யோசித்தார்கள். அந்தப் பாட்டில் இருப்பவனே சாத்தானைக் கண்டு நடுங்கி ஓடுகிறவன்தான். கீசர் எழுதிய வரிகளில் பெரும்பாலும் போர், அணுகுண்டு, போதை, மனச்சோர்வு, தனிமை. ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பத்தின் ஏழு பிள்ளைகளில் கடைக்குட்டி அவர். கச்சேரிகளில் அவர்கள் அணிந்த சிலுவைகள் அலங்காரத்துக்கு வந்தவை அல்ல. முதலில் அவற்றை உலோகத்தில் செய்து கொடுத்தவர் ஆஸியின் அப்பா.

மாலை நேவிகேஷன் ஸ்ட்ரீட் சுவரோவியம். வேறு எதுவும் செய்யவில்லை. கால் வலி.

மூன்றாம் நாள், செப்டம்பர் 19, வெள்ளி

காலையில் பர்மிங்காம் அருங்காட்சியகம். அங்கே ஆஸிக்கென்று ஒரு கண்காட்சி ஜூன் 25 அன்று தொடங்கியது. அனுமதி இலவசம். அறிவித்தபோது தலைப்பில் அவர் பெயருக்குப் பக்கத்தில் '1948 – இன்று வரை' என்று போட்டிருந்தார்கள். அவர் உயிரோடு இருக்கும்போது வைத்த தலைப்பு. வாசலில் அதை நினைத்து உள்ளே போகாமல் தயங்கி நின்றவர்கள் என்னைத் தவிரவும் இருந்தார்கள்.

உள்ளே விருதுகள், தங்க இசைத்தட்டுகள், பிளாட்டின இசைத்தட்டுகள், படங்கள். கண்ணாடிப் பெட்டிகளை வேகமாகக் கடந்துவிட்டேன். வந்திருந்த மனிதர்களைப் பார்க்கத்தான் பிடித்திருந்தது. கறுப்புச் சட்டை போட்ட பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு தாத்தா, பக்கத்தில் இரும்புப் பட்டறை உடையோடு, சாப்பாட்டு இடைவேளையில் வந்தவர் போல ஒருவர். யாரும் சத்தமாகப் பேசவில்லை.

பிறகு ஸ்டேஷன் ஸ்ட்ரீட்டில் இருக்கும் 'தி கிரவுன்' மதுக்கடைக் கட்டிடம். மூடி வருடக்கணக்காகிறது. 1968 முதல் அதன் மாடியில் ஜிம் சிம்ப்சன் என்ற ஜாஸ் டிரம்பெட் கலைஞர் 'ஹென்றிஸ் புளூஸ்ஹவுஸ்' என்று வாராவாரம் புளூஸ் இரவுகள் நடத்தினார். அப்போது 'எர்த்' என்ற பெயரில் இருந்த இந்த நான்கு பையன்கள் அங்கே வாசிக்கத் தொடங்கினார்கள், அவரே அவர்களின் முதல் மேனேஜர் ஆனார். பலகை அடித்த ஜன்னல்களுக்குக் கீழே நின்று மேலே பார்த்தேன். மாடி சிறியதுதான். நான் கற்பனை செய்து வைத்திருந்த இடம் இதைவிடப் பத்து மடங்கு பெரியது.

சபாத்தைக் கனமான சத்தம் என்று சொல்கிறவர்கள் பில் வார்டைக் கவனிப்பதில்லை. அவர் ஜாஸ் டிரம் கேட்டு வளர்ந்தவர். கிட்டார் நேராக, பாறை உருளுவது போல வரும்போது அவருடைய தாளம் அதற்குப் பின்னால் கொஞ்சம் ஆடி ஆடி, ஊஞ்சல் மாதிரி நகரும். அது இல்லாவிட்டால் அந்தப் பாறை நகராது. பின்னால் வந்த எத்தனையோ ஹெவி மெட்டல் (கனத்த சத்தமுள்ள ராக்) குழுக்கள் ஐயோமியின் கனத்தை எடுத்துக்கொண்டன. வார்டின் ஊஞ்சலை எடுத்துக்கொண்டவர்கள் மிகக் குறைவு. இதைப் பற்றி விடிய விடியப் பேச எனக்கு ஆசை, கேட்கத்தான் ஆள் இல்லை.

நாளை அண்ணன் காவென்ட்ரியிலிருந்து வருகிறார். கேசட்டின் சொந்தக்காரர். கல்யாணத்துக்குப் பிறகு அவர் இந்த இசையைக் கேட்பதை விட்டுவிட்டார். "உனக்கு இன்னும் இந்தப் பைத்தியம் தீரலையா?" என்று போனில் கேட்டார். ஆனால் கேட்டவுடனே, இரண்டு நாள் கூட இருப்பதாகவும் அவரே சொன்னார்.

நான்காம் நாள், செப்டம்பர் 20, சனி

இன்று நடந்ததைத்தான் நான் நிறைய எழுத வேண்டும்.

அண்ணனை நான் அழைத்துப் போனது இசைக்குச் சம்பந்தமே இல்லாத இடத்துக்கு. ஃபிளீட் ஸ்ட்ரீட்டில் நியூமன் பிரதர்ஸ் என்ற பழைய தொழிற்சாலை இருக்கிறது. சவப்பெட்டிக்கு வேண்டிய உலோகக் கைப்பிடி, பெயர்த்தகடு, அலங்காரம் எல்லாம் அங்கே செய்தார்கள். 1894 முதல் 1998 வரை ஓடி மூடியது. சர்ச்சிலின் சவப்பெட்டிக்கும் இங்கிருந்துதான் போனது. மூடியபோது கருவிகளும் சரக்கும் கிடந்தபடியே கிடந்தன. 2014 முதல் அது அருங்காட்சியகம். வழிகாட்டியோடுதான் உள்ளே போக வேண்டும்.

தரைத்தளத்தில் அச்சடிக்கும் அறை. வரிசையாக உயரமான இரும்புச் சட்டங்கள், ஒவ்வொன்றிலும் மேலே கயிற்றில் தொங்கும் ஒரு பெரிய சம்மட்டித் தலை, கீழே அச்சு. தொழிலாளி கயிற்றை இழுத்தால் மேலே சுழலும் சக்கரம் அந்த எடையைத் தூக்கிவிடும், கயிற்றைத் தளர்த்தினால் அது நேராக விழும். இடையில் வைத்த தகடு அச்சின் வடிவத்துக்கு வந்துவிடும். வழிகாட்டி ஒரே ஒரு முறை போட்டுக் காட்டினார்.

சத்தம் காதில் கேட்கவில்லை, காலில் கேட்டது. தரை வழியாக ஏறி மார்புக்கு வந்தது. நான் அண்ணனைப் பார்த்தேன், அவரும் என்னைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் அந்தச் சத்தம் தெரியும். பழைய டேப் ரெக்கார்டரின் சின்ன ஸ்பீக்கரில் அதைத்தான் நாங்கள் மத்தியானங்களில் கேட்டோம்.

பர்மிங்காமின் தொழிற்சாலைச் சத்தத்தில் வளர்ந்ததால்தான் தங்கள் இசை அப்படி ஆனது என்று அவர்களே பல முறை சொல்லியிருக்கிறார்கள். எத்தனையோ தடவை படித்த விஷயம். இன்று அந்தத் தரையில் நின்றபோதுதான் அதை நம்பினேன்.

அப்புறம் ஐயோமியின் விரல்கள். 1965. அவருக்குப் பதினேழு வயது, தகட்டு வேலை செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வெல்டிங். ஒரு குழுவோடு ஜெர்மனிக்கு வாசிக்கப் போக வாய்ப்பு வந்து, வேலையை விட்டுவிட்டார். அன்று கடைசி நாள். மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தவருக்குத் திரும்பிப் போக மனமில்லை. எடுத்த வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று அம்மா அனுப்பிவைத்தார். தகட்டை அழுத்தும் பிரஸ்ஸில் வேலை செய்கிறவர் அன்று வரவில்லை, பழக்கமில்லாத இவரை அங்கே நிறுத்தினார்கள். பிரஸ் அவர் வலது கையின் மேல் இறங்கியது. கையை வெடுக்கென்று இழுத்ததில் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனிகளும் போயின. அவர் இடது கைக்காரர். தந்திகளை அழுத்திப் பிடிக்க வேண்டியது அந்த வலது கைதான்.

இதை அண்ணனிடம் சொன்னேன். காவென்ட்ரியில் கார் பாகங்கள் செய்யும் பிரஸ் கூடத்தில் இருபத்தைந்து வருடம் வேலை பார்த்தவர் அவர். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அந்தக் காலத்து மிஷின்ல காலால மிதிச்சா இறங்கும்," என்றார். "கை எங்க இருக்குன்னு மிஷினுக்குத் தெரியாது. கால் தன்னால மிதிச்சிடும், கை உள்ள இருக்கும். இப்ப எங்ககிட்ட ரெண்டு பட்டன். ரெண்டும் தள்ளித் தள்ளி இருக்கும். ரெண்டு கையாலயும் ஒரே சமயத்துல அமுக்கினாத்தான் பிரஸ் இறங்கும். அப்ப கை உள்ள இருக்கவே முடியாதில்ல?"

"ஒளித்திரையும் இருக்குமே அண்ணா?"

"அதுவும் இருக்கு. ஒரு விரல் குறுக்க வந்தாலும் நின்னுடும்." பிறகு அந்தச் சம்மட்டியை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே சொன்னார்: "ரெண்டு பட்டன்தாம்மா. அது அன்னைக்கே இருந்திருந்தா அந்தப் பையனுக்கு விரல் இருந்திருக்கும்."

மருத்துவர்கள் இனி வாசிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஐயோமி வீட்டில் முடங்கிக் கிடந்தபோது தொழிற்சாலை மேலாளர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து கேட்கச் சொன்னார். இவர் வேண்டாம் என்றும் அவர் விடவில்லை. ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் கிட்டார். 1928இல் அவருடைய வண்டிவீட்டில் தீப்பிடித்து இடது கையின் இரண்டு விரல்கள் பயனற்றுப் போனவர், மிச்ச விரல்களால் ஐரோப்பாவின் மிகப் பெரிய ஜாஸ் கிட்டார் கலைஞர் ஆனவர். கேட்டு முடித்த பிறகுதான் மேலாளர் இதைச் சொன்னார்.

ஐயோமி பாத்திரம் கழுவும் திரவமான ஃபேரி லிக்விட்டின் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கினார். உருண்டையாக்கி, சூடான பற்றவைப்பு முனையால் துளை போட்டு, விரலில் பொருந்தும் வரை தேய்த்து, தையல்காரர் விரலில் மாட்டும் உறை மாதிரி இரண்டு செய்துகொண்டார். பிளாஸ்டிக் தந்தியில் வழுக்கியது, அதனால் பழைய தோல் ஜாக்கெட்டிலிருந்து துண்டு வெட்டி மேலே ஒட்டினார். விரலுக்குத் தொடு உணர்வு இல்லை, எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியாது. அதனால் மெல்லிய தந்திகள் வேண்டும். அன்றைக்குக் கடையில் கிட்டாருக்கு அப்படிக் கிடைக்காது, பேஞ்சோ தந்திகளை வாங்கிப் போட்டார். 1971இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் பல பாடல்களுக்குத் தந்திகளை மூன்று அரைச்சுரம் கீழே இறக்கிச் சுருதி கூட்டினார். இழுவிசை குறைந்தது, விரலுக்கு வலி குறைந்தது. சத்தம் இன்னும் கனத்தது. உலகெங்கும் இன்று மெட்டல் வாசிக்கிற பிள்ளைகள் கிட்டாரின் சுருதியை இறக்கிக்கொள்கிறார்கள் அல்லவா, அதற்கு முன்னால் ஒரு மனிதரின் வலிக்கிற இரண்டு விரல்கள் இருக்கின்றன.

பலர் இதை 'விபத்து இல்லாவிட்டால் மெட்டல் இல்லை' என்று ஒரு வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள். எனக்கு அது பிடிக்காது. பிரஸ் மிஷின் எத்தனையோ விரல்களைத் தின்றிருக்கிறது, எதிலிருந்தும் இசை வரவில்லை. ஒரு பதினேழு வயதுப் பையன் சமையலறையில் உட்கார்ந்து பாட்டிலை உருக்கி, அது சரியாக வராமல், மறுபடி உருக்கி, மறுபடி தேய்த்த பொறுமையிலிருந்துதான் வந்தது. தகட்டு வேலை தெரிந்த கை அது. தனக்கு விரல் செய்துகொள்ளவும் அதற்குத் தெரிந்திருந்தது.

மேல் மாடியில் பெண்கள் சவத்துணி தைத்த அறையையும் காட்டினார்கள். வெளியே வந்து அண்ணன் வெகுநேரம் தன் விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார். மதியத்துக்குப் பிறகு நாங்கள் எங்கும் போகவில்லை.

ஐந்தாம் நாள், செப்டம்பர் 21, ஞாயிறு

அண்ணனின் காரில் ஆஸ்டன். நகரத்தின் வடக்குப் பக்கம் சில நிமிடப் பயணம், தலைக்கு மேல் நெடுஞ்சாலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. நால்வரும் 1948, 49இல் பிறந்து இந்தப் பகுதியில் வளர்ந்தவர்கள். உலகப் போரில் குண்டு விழுந்த இடிபாடுகள் அப்போதும் அப்படியே கிடந்தன, அங்கேதான் பிள்ளைகள் விளையாடுவார்கள். இங்கே ஒரு சாஸ் தொழிற்சாலை, ஒரு பீர் ஆலை இரண்டும் இருந்தன. காற்றில் எப்போதும் வினிகரும் மால்ட்டும் கலந்த வாசனையாம். இரண்டுமே இப்போது இல்லை.

லாட்ஜ் ரோட்டில் ஆஸி வளர்ந்தார். ஒட்டி ஒட்டிக் கட்டிய செங்கல் வீடுகளின் வரிசை. அப்பா இரவு ஷிப்டில் கருவிகள் செய்கிறவர். அம்மா கார் பாகங்கள் செய்யும் லூகாஸ் தொழிற்சாலையில். ஆறு பிள்ளைகள். பதினைந்தில் படிப்பை விட்ட ஆஸிக்கும் அதே லூகாஸில் ஒரு வேலை கிடைத்தது: கார் ஹாரன்களுக்குச் சுருதி சேர்ப்பது. நாள் முழுக்க ஹாரன் சத்தம். பிறகு இறைச்சிக்கூடத்தில் வேலை. திருட்டுக்குப் பிடிபட்டு, அபராதத்தைக் கட்ட அப்பா மறுத்துவிட்டதால், சில வாரம் வின்சன் கிரீன் சிறையில். வெளியே வந்து, அப்பா கடனுக்கு வாங்கிக் கொடுத்த ஒலிபெருக்கி இருந்த தைரியத்தில், இசைக்கருவிக் கடையில் ஒரு விளம்பரம் ஒட்டினார்: பாடகர் இருக்கிறார், சொந்த ஒலிபெருக்கி உண்டு. அதைப் பார்த்து வந்து கதவைத் தட்டியவர்கள் ஐயோமியும் வார்டும். கதவைத் திறந்ததும் ஐயோமிக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. ஒரே பள்ளியில் ஒரு வகுப்பு கீழே படித்த பையன்.

இப்போது அங்கே வேறு குடும்பம் இருக்கிறது. அதனால் எதிர்ச் சாரியில் நின்றே பார்த்தேன். படம் எடுக்கவில்லை. அந்தத் தெருவின் அளவை மட்டும் மனதில் வாங்கிக்கொண்டேன். வாசலில் நின்று கத்தினால் கடைசி வீடு வரை கேட்கும்.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில் வில்லா பார்க் கால்பந்து மைதானம். சின்ன வயதில் ஆஸி கால்பந்து பார்க்க வருகிறவர்களின் கார்களைக் காவல் காத்துச் சில்லறை சம்பாதித்த தெருக்கள் இவை. அந்த மைதானத்தில்தான் ஜூலை 5 அன்று நாற்பதாயிரம் பேருக்கு முன்னால் பாடினார். பார்க்கின்சன் நோயால் நடக்க முடியாது. கறுப்புச் சிம்மாசனத்தில் உட்கார்ந்தே கீழிருந்து மேலே எழும்பி வந்தார். எழுந்து நிற்க முயன்று முயன்று முடியாமல், உட்கார்ந்த இடத்திலேயே கைகளைத் தட்டினார். முதலில் தன் தனிப் பாடல்கள், பிறகு இருபது வருடத்துக்குப் பின் முதன்முறையாக அந்த நால்வரும் சேர்ந்து நான்கே பாட்டு. திரட்டிய பணம் பார்க்கின்சன் ஆராய்ச்சிக்கும் குழந்தைகள் மருத்துவமனைக்கும் குழந்தைகளுக்கான பராமரிப்பு இல்லத்துக்கும் போனது. குரல் சில இடங்களில் உடைந்தது. மக்கள் அந்த இடங்களை நிரப்பிப் பாடினார்கள்.

பூட்டியிருந்த வாயிற்கதவுக்கு வெளியே நின்றோம். ஆட்டம் இல்லாத நாள், யாரும் இல்லை.

"இந்த ஊருக்குப் பக்கத்துலயே இத்தனை வருஷம் இருந்தேன்," என்றார் அண்ணன். "ஒரு தடவை கூட வந்து பார்க்கணும்னு தோணலை பாரு."

"நீங்கதானே அண்ணா எனக்குக் கேசட் கொடுத்தீங்க."

"நான் எங்க கொடுத்தேன்? நீ திருட்டுத்தனமா கேட்ட."

அவருக்குத் தெரிந்திருக்கிறது. முப்பத்தேழு வருடமாக.

ஆறு மணி ரயிலுக்கு நிலையத்தில் விட காரை எடுத்தார். நான் போனை இணைத்து 'வார் பிக்ஸ்' போட்டேன். அதில் ஆஸி பாட ஆரம்பிக்கும் இடத்தில் கிட்டார் நின்றுவிடும். வார்டின் ஹை-ஹாட், அதாவது டிரம்ஸோடு இருக்கும் ஜோடித் தாளத்தட்டு, மட்டும் சன்னமாகத் துடித்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு வரி முடிந்ததும் எல்லாரும் சேர்ந்து இரண்டே அடி அடித்து மறுபடி மௌனமாவார்கள். அண்ணன் சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். முதல் வரி முடிந்தது. ஸ்டியரிங்கின் மேல் அவருடைய இரண்டு விரல்கள், சரியாக அந்த இடத்தில், இரண்டு தட்டு தட்டின.

"வேகமா போகுதே, அப்படித்தானா இது?" என்று கேட்டார்.

"அப்படித்தான் அண்ணா. நம்ம வீட்ல பெல்ட் லூசு."

அடுத்த வரிக்கும் தட்டினார்.